பைனாகுலரை இறக்கும் அந்த ஒரு நொடி

எதிர் வீட்டுப் பெண்ணைப் படமெடுத்து முடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஆகஸ்டில் ஒரு முறை எடுத்தேன், வீணாயிற்று. அக்டோபரில் மறுபடி எடுத்தேன். நடுவில் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். சீனியர் போர்ட்ரெய்ட் எடுக்கப் போகிற யாருக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமானாலும் போதும்.

பழக்கம் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ‘சீனியர்’ என்பார்கள். பள்ளியை விட்டுப் போகும் அந்த வருடத்தில் படம் எடுத்துக்கொள்வது இங்கே நம் ஊர் காதுகுத்து மாதிரி, தவறாமல் நடக்கும். அதில் இரண்டு வகை. பள்ளி ஆண்டு மலரான இயர்புக்குக்குப் போகும் படத்தைப் பள்ளி ஒப்பந்தம் போட்ட ஸ்டுடியோ எடுக்கும். பெரும்பாலும் பெண்களுக்குத் தோளைச் சுற்றி ஒரு கறுப்பு வெல்வெட் துணி, பையன்களுக்குக் கோட்டும் போ டையும். எல்லாருக்கும் ஒரே திரை, ஒரே விளக்கு, ஆளுக்குச் சில நிமிடம். 19-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் வாரன் என்ற புகைப்படக்காரர், கல்லூரி முடித்துப் போகும் மாணவர்களைப் படமெடுத்து, ஒரு நெகட்டிவிலிருந்து பல பிரதிகள் போட்டுக் கொடுத்திருக்கிறார். மாணவர்கள் அதைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு ஆல்பமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரே மாதிரியான வரிசைக்கும் ஒரு அழகு உண்டு, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வகை, வீட்டுக்காரர்கள் தங்களுக்காக எடுத்துக்கொள்வது. ஹாலில் மாட்டுவதற்கு, பட்டமளிப்பு அறிவிப்பு அட்டையில் போடுவதற்கு, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு அனுப்புவதற்கு. அந்தப் பிள்ளை யார் என்று தெரிய வேண்டியது இந்தப் படத்தில்தான். நான் எடுப்பதும் இதைத்தான். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் வாரக் கடைசிகளில் எடுக்கிறேன்.

“அக்கா, பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்ல எடுத்துடலாமா? எல்லாரும் அங்கதான் எடுக்கிறாங்க” என்றாள் எதிர் வீட்டுப் பெண்ணின் அம்மா. சரி என்றேன். சான் பிரான்சிஸ்கோவில் 1915 உலகக் கண்காட்சிக்காகத் தற்காலிகமாகக் கட்டின மண்டபம் அது. மக்களுக்கு இடிக்க மனம் வராமல், 1960-களில் கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள். உயரமான தூண்கள், முன்னால் ஒரு குளம். ஞாயிறு மதியம் போனால் தூணுக்கு ஒரு கல்யாண ஜோடி நிற்கும்.

பெண் அரக்கு நிற கவுன் போட்டிருந்தாள். தலைமுடி சுருட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாழ்க்கையில் மூன்றாவது நாளாகக் கான்டாக்ட் லென்ஸ். குதிகால் செருப்பு. அம்மாவின் ஃபோனில் இருபது மாதிரிப் படங்கள் தயாராக இருந்தன: கன்னத்தில் கை, தோளுக்கு மேல் திரும்பிய பார்வை, தூணில் சாய்ந்த சிரிப்பு. ஒவ்வொன்றாக எடுத்தேன். 85 மி.மீ. லென்ஸ், அதன் திறப்பு எஃப் 1.8, பின்னால் தூண்கள் பஞ்சு மாதிரி கரைந்தன. மொத்தம் 412 படம்.

கருவியில் நடந்த தவறு ஒன்றுதான். தூண்களுக்கு நடுவே பனிமூட்ட வானம் வெள்ளையாகத் தெரிந்ததால் காமிராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிட்டது. அதைக் கணினியில் மீட்டுவிடலாம். மீட்க முடியாதது வேறு. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. விரல்கள் விறைத்திருந்தன. இரண்டு வருடம் பல்லில் கம்பி போட்டிருந்தவள், உதட்டை மூடியே சிரித்துப் பழகியிருக்கிறாள். கம்பி எடுத்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. “பல்லு தெரியச் சிரிம்மா” என்று அம்மா சொல்லச் சொல்ல முகம் இன்னும் இறுகியது.

நடுவில் ஒரு தடவை காமிராவின் பின் திரையைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூலையைப் பெரிதாக்கி, “ஆன்ட்டி, பின்னாடி பாருங்க. நைட் ஹெரான். ரெண்டு இருக்கு” என்றாள். குளக்கரை மரத்தில் இரண்டு வக்காக்கள் கழுத்தை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு மணி நேரமாக அங்கேயே நின்றும் நான் கவனிக்கவில்லை.

அன்று இரவு 412-ஐயும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கடைசியில் மூன்று படத்தில் மட்டும் அவள் உயிரோடு இருந்தாள். மூன்றுமே ஒரு போஸுக்கும் அடுத்த போஸுக்கும் நடுவில் விழுந்தவை. மூன்றிலும் கண் காமிராவில் இல்லை, இடது பக்கம் வெளியே எங்கோ இருந்தது. முதல் சுற்றில் இவற்றைக் கழிவுக் குவியலில்தான் போட்டிருந்தேன். இடது பக்கம் என்ன இருந்தது என்று யோசித்தேன். குளம்.

மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டு, “இதைக் கொடுக்க எனக்கு மனசு வரலம்மா. இன்னொரு தடவை எடுக்கலாம். ஆனா எங்க, என்ன துணின்னு அவ சொல்லட்டும்” என்றேன்.

“அவ சொன்னா அந்தப் பழைய ஹூடியத்தான் சொல்லுவா அக்கா.”

“சொல்லட்டும்.”

முன்பெல்லாம் படமெடுக்கும் முன் பெற்றோரிடம்தான் விவரம் கேட்பேன். இந்தத் தடவை பிள்ளையிடமே கேட்டேன், காகிதத்தில். ‘உனக்கு என்ன பிடிக்கும்’ என்று கேட்டால் கல்லூரி விண்ணப்பத்துக்குச் சொல்கிற பதில்தான் வரும். அதனால் சின்னச் சின்னதாகக் கேட்டேன். உன் அறையில் அம்மா சுத்தம் செய்யக் கூடாத இடம் எது? எங்கும் போகாத சனிக்கிழமை என்ன போட்டிருப்பாய்? பையில் எப்போதும் இருக்கும் மூன்று பொருள்? எதைப் பற்றிப் பேசும்போது வீட்டில் ‘போதும் நிறுத்து’ என்பார்கள்? இந்தப் படத்தில் எது கட்டாயம் இருக்கக் கூடாது? பதில் அரைப் பக்கம் வந்தது. ஜன்னலோரம் குவித்து வைத்த குறிப்பேடுகள். மண்நிற ஹூடி. பைனாகுலர், பென்சில், மழையில் நனையாத நோட்டு. வாத்துகள். குதிகால் செருப்பு.

பைனாகுலர் தாத்தா கொடுத்தது. வேதாரண்யத்தில் இருக்கிறார். டிசம்பர் லீவுக்குப் போனபோது கோடியக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பூநாரைகளைக் காட்டியிருக்கிறார். திரும்பி வரும்போது கழுத்தில் மாட்டி அனுப்பிவிட்டார். அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

இடத்தை அவளே சொன்னாள்: கயோட்டி ஹில்ஸ். ஃப்ரீமான்ட்டின் மேற்கு ஓரத்தில், டம்பார்ட்டன் பாலத்துக்குப் பக்கத்தில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டின பூங்கா. ஒரு பக்கம் கோடையில் வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்துவிடும் சின்னக் குன்றுகள், இன்னொரு பக்கம் கோரையும் சம்பும் மண்டிய சதுப்பு. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓலோனி மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த இடம். அவர்கள் விட்டுப்போன சிப்பி மேடுகள் அங்கே காக்கப்படுகின்றன. அதனால் பாதையை விட்டு இறங்கி ‘நல்ல கோணம்’ தேடக் கூடாது. பூங்காக்களில் காசு வாங்கிக்கொண்டு எடுப்பதாக இருந்தால் அனுமதி பற்றி நிர்வாகத்திடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

செப்டம்பரில் ஒரு காலை காமிரா இல்லாமல் அவளோடு நடந்தேன். இந்த மொத்த வேலையிலும் உருப்படியான இரண்டு மணி நேரம் அதுதான் என்று சொல்வேன். அவள் கையை லேசாகத் தூக்கினால் நான் நிற்க வேண்டும், பேசக் கூடாது. அவ்வளவுதான் விதி. வீட்டில் நாலு வார்த்தை பேசாத பெண், நாமக்கோழி நீரில் தலைகுப்புற முங்குவதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினாள். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பறவை தெரிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இடது பாதம் உள்பக்கம் திரும்பும். பார்த்து முடித்ததும் பைனாகுலர் கீழே இறங்கும், ஆனால் கண் இறங்காது. ஒரு நொடி, அதிகம் போனால் ஒன்றரை நொடி, கண் அங்கேயே நிற்கும். உதடு கொஞ்சம் திறந்திருக்கும். பிறகு குனிந்து எழுதத் தொடங்கிவிடுவாள்.

அந்த ஒரு நொடிதான் படம் என்று அப்போதே முடிவு செய்தேன். அதைப் பிடிப்பதுதான் சிக்கல். பைனாகுலர் கண்ணில் இருக்கும்வரை முகம் என்று ஒன்று கிடையாது: இரண்டு கண்ணாடிக் குழாய், இரண்டு முஷ்டி, ஒரு மோவாய். இறக்கின பிறகு அழுத்தினால் தாமதம், குனிந்துவிடுவாள். பின்கட்டில் என் கணவர் கையில் பைனாகுலரைக் கொடுத்து, வேலி மேல் உட்காரும் காக்கையைப் பார்க்கச் சொல்லிப் பழகினேன். முப்பது நாற்பது தடவைக்குப் பிறகு ஒன்று புரிந்தது. கண்ணை விட்டுப் பைனாகுலர் விலகும் முன்னால் முழங்கை இறங்குகிறது. ஆகவே முழங்கையைப் பார்த்து அழுத்த வேண்டும். நொடிக்குப் பத்துப் படம் ஓடும் வேகத்தில் வைத்தால் பைனாகுலர் மார்புக்கு வரும்போது சரியான படம் நடுவில் விழுகிறது.

அடுத்து ஃபோகஸ். கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இங்கே காலை வாரிவிட்டது. கண் மறைந்திருக்கும்போது அது பைனாகுலர் முனையையோ கை விரலையோ பிடித்துக்கொள்கிறது. கண் வெளியே வந்ததும் திரும்பத் தேடிப் பிடிப்பதற்குள் நொடி போய்விடுகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு, ஒற்றைப் புள்ளியை மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பி மேல் வைத்தேன். கம்பி எப்போதும் கண்ணுக்குப் பக்கத்துத் தூரத்திலேயே இருக்கும், பைனாகுலர் மறைக்காது. எஃப் 1.8 ஆசையையும் விட்டேன். 70–200 ஜூம் லென்ஸை 135 மி.மீ.-ல் வைத்து ஏழு மீட்டர் தள்ளி நின்றால், எஃப் 4-ல் அரை மீட்டருக்குக் குறையாத ஆழம் கூர்மையாகக் கிடைக்கிறது. கோரை வெகு தூரத்தில் இருப்பதால் பின்புலம் அப்போதும் கரைந்துதான் போகிறது. தள்ளி நிற்பதில் இன்னொரு லாபம், என்னை அவள் மறந்துவிடுவாள்.

மாலைப் பொன்னொளியில் எடுக்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் பாடம். வளைகுடா ஓரத்தில் மதியத்துக்கு மேல் காற்று எழும்பிவிடும். முடி முகத்தில் அடிக்கும், பறவையும் ஒதுங்கிவிடும். அதனால் காலை. அக்டோபர் நடுவில் சூரியன் ஏழே காலை ஒட்டி உதிக்கிறது. எட்டு மணிக்குப் பூங்காக் கதவு திறக்கும்போதும் வெளிச்சம் தாழ்வாகவே இருக்கும். பனிமூட்டம் இருந்தால் வானம் முழுக்க ஸ்டுடியோவில் விளக்கின் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் மாதிரி.

அந்த சனிக்கிழமை மூட்டம் இருந்தது. பெண் ஹூடி, தேய்ந்த ஜீன்ஸ், தொப்பி, மூக்குக் கண்ணாடியோடு வந்தாள். அம்மா ஃபிளாஸ்கில் காப்பியோடு எங்களுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி வந்தாள். போஸ் சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளிச்சத்தை அளந்த விதம் இது. அவளுடைய நிறம் நல்ல மாநிறம். பின்னால் வெளுத்த மூட்டம். காமிராவைத் தானாக முடிவெடுக்க விட்டால் மூட்டத்தைச் சாம்பலாக்கி முகத்தைக் கரியாக்கும். ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து அளந்தேன். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் அளவுக்குக் கொண்டு வரப் பார்க்கும். அவள் கன்னம் அதைவிடச் சற்று ஆழம், அதனால் வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் (வெளிச்ச அளவின் ஒரு படியில் மூன்றில் ஒரு பங்கு) குறைத்தேன். 1/500, எஃப் 4, ஐஎஸ்ஓ 800. மேனுவலில் பூட்டிவிட்டேன். அதற்குப் பிறகு மூட்டம் கலைந்தபோது மட்டும் மாற்றினேன்.

தொப்பியின் விளிம்பு கண்ணில் நிழல் போட்டது. வெள்ளை ரிஃப்ளெக்டர் கொண்டு போயிருந்தேன், விரித்ததும் பக்கத்தில் நின்ற கொக்கு எழும்பிப் பறந்தது. மடித்து வைத்துவிட்டேன். பாதையில் வெளுத்த மண்ணும் சரளையும் இருக்கும் இடமாகப் பார்த்து அவள் நின்றபோதெல்லாம் எடுத்தேன். தரையே கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது. மூக்குக் கண்ணாடியில் வானம் பளிச்சென்று விழுவதுதான் தொல்லை. காதுக் கம்பியைக் காதுக்கு மேல் ஒரு இழை தூக்கி வைத்தால் கண்ணாடி கொஞ்சம் கீழ் நோக்கிச் சாயும், வானம் விலகிவிடும். ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை அதைச் சரிசெய்தேன். காலைக் குளிரில் மூச்சு பட்டு கண்ணாடி மங்கியது. துடைக்க நல்ல துணி என்னிடம் இல்லை. அடுத்த முறை பையில் இரண்டு இருக்கும்.

முதல் அரை மணி நேரம் என்னைப் பற்றிய நினைப்பு அவளுக்கு இருந்தது, தோளில் தெரிந்தது. நான் எடுத்தேனே தவிர எதிர்பார்க்கவில்லை. பிறகு கோரைக்கு மேலே தாழப் பறந்து ஒரு பூனைப்பருந்து வந்தது. கை மேலே எழும்பியது. எல்லாரும் நின்றோம். அதற்குப் பிறகு காமிரா என்ற ஒன்று அவளுக்கு இல்லை.

ஒன்பது மணி வாக்கில் திறந்த நீர்ப்பரப்பில் வாத்துக் கூட்டம் ஒன்று இறங்கியது. அவள் வெகு நேரம் பார்த்தாள். முழங்கை இறங்கியது, அழுத்தினேன். பதினொரு படம் ஓடியது. ஏழாவதில் பைனாகுலர் மார்பருகே, கண் தூரத்தில், புருவம் லேசாக ஏறி. எடுத்த அந்தக் கணமே தெரிந்துவிட்டது. திரையைப் பார்க்காமலே நடந்தேன்.

“ஊசிவால் வாத்து ஆன்ட்டி. தாத்தா ஊருக்கும் இது வரும்” என்றாள் மெதுவாக.

நான் திட்டமிடாத படம் ஒன்றும் அன்று கிடைத்தது. “எங்கடி, எனக்கு ஒண்ணும் தெரியலயே” என்று அம்மா முன்னால் வந்துவிட்டாள். பெண் பைனாகுலரைக் கழற்றி அம்மா கண்ணில் வைத்து, தோளைப் பிடித்துத் திருப்பினாள். அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு “தெரியுது, தெரியுது” என்றாள். வாத்தெல்லாம் நீரில் இருந்தன. அப்போது அந்தப் பெண் சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய, அம்மா தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு. 135-ல் இருந்து 70-க்கு லென்ஸை இழுப்பதற்குள் பாதிச் சிரிப்பு போயிருந்தது. நாலு படம் எடுத்தேன், ஒன்று கூர்மையாக வந்தது.

வீட்டுக்கு வந்து பாவாடை தாவணியில் சில படங்கள் எடுத்தோம். பத்து நிமிட வேலை, நன்றாகவே இருந்தன. காலையில் முகம் இளகியிருந்ததால் அதுவும் எளிதாகிவிட்டது.

இந்தத் தடவை 380 படம். முதல் சுற்றில் 40 தேறின, கடைசியில் 14. திருத்தும்போது என் வழக்கம் ஒன்று: இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் பருவை எடுப்பேன், மச்சத்தையும் தழும்பையும் தொட மாட்டேன். கோரையின் பச்சை தாடைக்குக் கீழே ஏறியிருந்தது. அங்கே மட்டும் பிரஷ் போட்டு, பச்சையைக் குறைத்து மஜென்டா பக்கம் சிறிது தள்ளினேன். முகம் முழுக்க அப்படித் தள்ளினால் மாநிறம் செங்கல் நிறமாகிவிடும்.

பிறகு உறவுக்காரர் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் கோரிக்கை வந்தது: “கொஞ்சம் கலரா ஆக்கிடுங்க.” இது புதிதல்ல. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்கிறார்கள். செய்ய மாட்டேன் என்று தெளிவாகவே எழுதினேன். 1950-களிலிருந்து கலர் பிரின்ட் போடும் கடைகளுக்கு நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருக்கும். ‘ஷெர்லி கார்டு’ என்பார்கள். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. பல நிறத்தவரும் இருக்கும் அட்டை பரவலாக வர 1990-கள் ஆயிற்று. எங்கள் அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தில் அப்பாவின் முகம் வெறும் நிழலாக இருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இன்று என் கையில் இருக்கும் காமிரா அந்தப் பெண்ணின் கன்னத்தில் இருக்கும் தாமிர நிறத்தையும் கண்ணுக்குக் கீழே உள்ள ஆழமான நிழலையும் பிரித்துக் காட்டுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வந்து நானே சுண்ணாம்பு பூச முடியாது. அம்மா எனக்கு முன்னால் அந்தக் குழுவில் எழுதிவிட்டாள்: “எங்க பொண்ணு இப்படித்தான் இருப்பா.”

எதைப் பெரிதாகப் போடுவது என்பதில் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் இரண்டு நாள் பேச்சு நடந்தது. அறிவிப்பு அட்டைக்கு ஏழாவது படம். ஹாலில் மாட்ட, அம்மாவும் மகளும் இருக்கும் சிரிப்பு, 16-க்கு 20 அங்குலம், பளபளப்பில்லாத மேட் தாளில். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் என்பதால் பளபளப்புத் தாள் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தாத்தாவுக்கு ஏழாவது படத்தை அனுப்பினார்கள். அவர் கேட்டது ஒன்றுதானாம்: “எதப் பாத்துக்கிட்டு நிக்குற?”

அடுத்த சனிக்கிழமை இரண்டு தெரு தள்ளி ஒரு பையன். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறான். அவன் காகிதத்தில் கடைசிக் கேள்விக்கு ‘டை’ என்று எழுதியிருக்கிறான். கராஜில்தான் எடுக்கப் போகிறேன், மேசை விளக்கு ஒன்றே போதும், சால்டரிங் புகை தெரிய பின்னாலிருந்து சின்னதாக இன்னொரு வெளிச்சம். நேற்றுப் போய் வெறும் கையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். அவன் அம்மாவிடம் மேசையைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.